மூச்சு வாங்கும் இடம்

ஜூன் 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இந்தக் கடிதம் முழுக்கவே அந்தக் கேள்விதான் என்பதால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் உன் புல்லாங்குழல் கச்சேரி வைத்தார்கள். நான் சமையலறை அலமாரிக்குத் தாள் மாற்றிக்கொண்டிருந்தேன். டப்பாக்களையெல்லாம் இறக்கி என்னைச் சுற்றி வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் நிறுத்த வழியில்லை, அதனால் கேட்டேன். இப்படி எழுதினால் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும். உன் அத்தான் இறந்துபோன அன்று வந்து, சுவரோரமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் "கச்சேரி இருக்குக்கா" என்று கிளம்பினாயே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

கச்சேரிக்கு முன்னால் அறிவிப்பாளப் பெண் உன்னைப் பற்றிப் பேசினாள். நீ மௌனத்தை வாசிக்கிறவனாம். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் நீ விடும் இடைவெளியில் பெரிய தத்துவம் அடங்கியிருக்கிறதாம். ஒரு பேராசிரியர் அதைப் பற்றிப் புத்தகமே போட்டிருக்கிறாராம். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்துவிட்டேன். ஆளில்லாத வீட்டில் சிரித்தால் அது நம் காதுக்கே நன்றாக இருப்பதில்லை. நிறுத்திக்கொண்டேன்.

அந்த இடங்களெல்லாம் என் இடங்கள்.

நம்மைச் சின்ன வயதில் ஒரே மைக்குக்கு முன்னால் உட்கார வைத்தபோது அப்பா சொன்ன சட்டம் உனக்கு மறந்திருக்காது. மூச்சு வாங்குவது சபைக்குத் தெரியக் கூடாது. நீ மூச்சு எடுக்கும் இடத்தில் நான் வாசிப்பை விடாமல் பிடித்திருப்பேன், நான் எடுக்கும் இடத்தில் நீ. கேட்கிறவர்களுக்கு மூச்சே வாங்காத ஒரு குழல்தான் கேட்கும். எனக்குக் கல்யாணமாகி, நான் மேடையை விட்டு இத்தனை காலம் ஆகிவிட்டது. நீ இன்னும் அதே இடத்தில் நிறுத்துகிறாய். நான் பிடித்திருக்க வேண்டிய நேரம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறாய். ஒரு மூச்சு எடுக்க அவ்வளவு நேரம் யாருக்கு வேண்டும்? மௌனமாவது தத்துவமாவது. வராத ஆளுக்கு எடுத்து மூடி வைத்த சோறு அது.

இதைச் சொல்ல நான் எழுதவில்லை. ஆலாபனையில் மேலே ஏறும்போது ஒரு இடத்தில் நிறுத்தினாய். அது என் இடமும் இல்லை, உன் இடமும் இல்லை. அங்கே மூச்சு எடுத்தால் அந்த ராகம் படியில் கால் இடறின மாதிரி ஆகிவிடும் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்தினாய், திரும்பவும் ஒரு தடவை. சபை கைதட்டியது. நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

இன்னொன்று. குட்டைக் குழலுக்கு எப்போது மாறினாய்? வயது ஏறினால் எல்லாரும் சுருதியைக் கீழேதான் கொண்டுவருவார்கள். நீ மேலே ஏற்றியிருக்கிறாய். நீளக் குழல் நிறையக் காற்று கேட்கும், குட்டைக்குக் கொஞ்சம் போதும். இதைத் தெரிந்துகொள்ள நான் மேடையில் இருக்க வேண்டியதில்லை.

போனில் கேட்டால் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதைத் தாண்டி நாம் போனது கிடையாது. அதனால் தாளில் கேட்கிறேன். உடம்பு எப்படி இருக்கிறது?

அக்கா


ஜூன் 19

அக்காவுக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு, நம் பக்கத்தில் சாக இனி ஆள் பாக்கி இல்லை என்பது ஞாபகம் வந்தது. தைரியமாகப் பிரித்தேன்.

நீ கண்டுபிடித்ததை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. உனக்குக் கல்யாணமான பிறகு முதல் தடவை தனியாக உட்கார்ந்த கச்சேரியில், முதல் வரி முடிந்ததும் மூச்சு எடுத்தேன். நீ பிடித்திருப்பாய் என்று சாவகாசமாக எடுத்தேன். சபையில் ஒரு சத்தமும் இல்லை. மிருதங்கக்காரர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அவசரமாக ஆரம்பித்தேன். அடுத்த வரியிலும் அதே இடத்தில் நின்றேன். பழக்கம் அப்படி ஊறியிருந்தது. முடிந்ததும் பின்வாசல் வழியாக ஓடிவிடலாம் என்று இருந்தேன். மறுநாள் பத்திரிகையில், இந்த வயதில் இப்படியொரு நிதானமா என்று எழுதிவிட்டார்கள். அடுத்த கச்சேரியில் இடைவெளி விடாமல் ஒழுங்காக வாசித்தேன். "என்ன தம்பி, இன்னிக்கு வண்டியப் பிடிக்கணுமா?" என்று சபாச் செயலாளர் கேட்டார். அதோடு விட்டுவிட்டேன். அந்தப் பேராசிரியர் என் மௌனத்துக்கு வகை வகையாகப் பெயர் வைத்திருக்கிறார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுக்கும் உன் பெயர் இல்லை.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மேடையில் ஏசியைக் கூட்டி வைத்துவிடுகிறார்கள், தொண்டை காய்ந்துபோகிறது. நீளக் குழல் பெட்டியில் குறுக்கே நிற்கிறது, அதனால் குட்டை. நீ போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவள்.

மாடி அறையில்தான் இன்னும் இருக்கிறேன். கீழே வீட்டுக்கார அம்மா என்னை "ஊதுறவரே" என்றுதான் கூப்பிடுகிறார். "ஊதுறவரே, தண்ணி நின்னுடும், பிடிச்சு வச்சுக்குங்க." "ஊதுறவரே, சீரியல் ஓடுது, அரை மணி நேரம் ஊதாதீங்க." மாதத்தில் பாதி நாள் வெளியூர் விடுதிகள். எல்லா ஊரிலும் அறை ஒன்று போலத்தான் இருக்கிறது, விளக்கு ஸ்விட்ச் மட்டும் இடம் மாறும். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்குக் கஷ்டம். மற்றபடி பழகிவிட்டது.

அத்தான் போன அன்றைக்கு நான் கிளம்பிப்போனது, நின்றிருந்தால் நீ அழுவதைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால்தான். அது என்னால் ஆகாது. கச்சேரி சாயங்காலம்தான்.

வராத ஆளுக்கு எடுத்து வைத்த சோறு என்கிறாய். சண்டைக்குக் கேட்கவில்லை. எழுந்து போனது யார் அக்கா? கல்யாணம் செய்துகொண்டவர்கள் எல்லாம் குழலை வைத்துவிடுகிறார்களா? ஏன் என்று நீ எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

எழுந்து போனது நான்தான். ஏன் என்று கேட்டாய், சொல்கிறேன்.

எனக்கு மேடை ஆகவேயில்லை. ஒவ்வொரு கச்சேரிக்கு முன்பும் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்துதான் உன் பக்கத்தில் உட்காருவேன். நான் புடவை சரிசெய்யப் போயிருக்கிறேன் என்று நீ நினைத்திருப்பாய். கல்யாணம் எனக்கு வசதியான சாக்காகக் கிடைத்தது. உன் அத்தான் வாசிக்காதே என்று ஒரு நாளும் சொல்லவில்லை, அவர் மேல் பழி போட வேண்டாம். "குழலை எப்பத்தான் எடுக்கப் போறே?" என்று கேட்டுக் கேட்டு அவர்தான் ஓய்ந்துபோனார். உள்ளேயிருந்து சாத்திக்கொள்ள எனக்கு ஒரு கதவு வேண்டியிருந்தது. காலையில் விளக்கேற்றிக் கடவுளுக்கு முன்னால் உட்கார்ந்தால் எனக்குப் போதும். அவர் கைதட்ட மாட்டார், நேரத்தையும் பார்க்க மாட்டார்.

அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். கல்யாண வீட்டில் நீ என் முகத்தைப் பார்த்துப் பேசியிருந்தால் சொல்லியிருப்பேன்.

இப்போது ஏசிக்கு வருகிறேன். உன் மிருதங்கக்காரரோடு போனில் பேசினேன். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்காதே. மனுஷர் முதலில் பிடி கொடுக்கவில்லை.

"அவருக்கு ஒண்ணுமில்லைங்கம்மா. நல்லா இருக்காரு."

"சரி, நீங்க எப்படி இருக்கீங்க?" என்றேன்.

அவ்வளவுதான், கொட்டிவிட்டார். "எனக்கு முதுகு போச்சுங்கம்மா. முன்னெல்லாம் நடுவுல மிருதங்கத்துக்குத் தனியா விடுவாரு, விட்டுட்டு எப்ப முடிப்பேன்னு கடிகாரத்தையே பார்த்துக்கிட்டிருப்பாரு. இப்ப நான் முடிக்கப் போனா, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு கையக் காட்டுறாரு. ஒரு மனுஷன் எவ்வளவு நேரம்தாங்க தட்டுறது? சரக்கு தீர்ந்துபோய் வாசிச்சதையே திருப்பி வாசிக்கிறேன்."

அந்த நேரம் முழுக்க நீ கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருக்கிறாயாம். ரசிக்கிறாய் என்று ஜனங்கள் மெச்சிக்கொள்கிறார்கள். நீ இளைப்பாறுகிறாய்.

டாக்டரைப் பார்த்துவிட்டு எழுது. பார்க்காமல் எழுதாதே.

அக்கா


ஜூலை 20

அக்காவுக்கு,

என் மிருதங்கக்காரரை ஒற்றனாக்கிவிட்டாய். இப்போது மேடையில் நான் தண்ணீர் குடித்தாலும், "அக்காகிட்ட சொல்லிடட்டுமா?" என்கிறார். இந்தக் கடிதத்தை இரண்டு நாள் எழுதாமல் வைத்திருந்தேன், அவ்வளவு கோபம்.

டாக்டரைப் பார்த்தாயிற்று. உன் முதல் கடிதம் வருவதற்கு முன்பே பார்த்தாயிற்று. அதைத்தான் ஏசி என்று எழுதினேன்.

சின்ன வயது டாக்டரம்மா. "என்ன வேலை பார்க்குறீங்க?" என்று கேட்டார்.

"ஊதுற வேலை."

"கண்ணாடி ஊதுறதா?"

"குழல்ங்க."

"ஓ. பொழுதுபோக்குக்கா?"

"இல்லைங்க. பிழைப்புக்கு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். படத்தை வெளிச்சத்தில் காட்டினார். நுரையீரல் ஓரத்திலிருந்து இறுகிக்கொண்டு வருகிறதாம், வெந்நீரில் போட்ட கம்பளிச் சட்டை மாதிரி. இறுகினது இனி விரியாது. மாத்திரை கொடுத்தால் வேகம் குறையும். ஊதுவதை நிறுத்த வேண்டும் என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "நேத்திலிருந்து" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது, நீ பேசுகிற மாதிரி பேசுகிறார்.

நிறுத்துகிறேன் அக்கா. நவம்பரில் ஒரு கச்சேரி ஒப்புக்கொண்டிருக்கிறேன், அதோடு நிறுத்துகிறேன். ஆனால் குட்டைக் குழலில் கீச்சு கீச்சென்று வாசித்துவிட்டு எழுந்து போக எனக்கு மனசு வரவில்லை. நீளக் குழலை எடுத்து, நாம் கடைசியில் வைத்துக்கொள்வோமே அந்தப் பெரிய உருப்படி, அந்தக் கீர்த்தனையை முழுசாக ஒரு தடவை வாசித்துவிட்டு வைத்துவிட வேண்டும். தனியாக முடியாது. நேற்று அறையில் வாசித்துப் பார்த்தேன், பாதியில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கீழேயிருந்து வீட்டுக்கார அம்மா, "ஊதுறவரே, ஏன் நிறுத்திட்டீங்க, சீரியல் இன்னும் ஆரம்பிக்கலையே" என்றார்.

நீ வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். நான் விடும் இடத்தில் பிடித்துக்கொள்ள உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

தம்பி


ஜூலை 29

தம்பிக்கு,

உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

நேற்று வரை வாசித்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுகிறாய். எனக்கு முன்பல் இரண்டு கட்டினது. கட்டின பல்லுக்குப் பின்னால் காற்று எப்படி நிற்கும்? வலது கை விரல் மழை நாளில் மடங்காது. வாந்தி இருக்கட்டும், இப்போது ஆள் கூட்டமான கடைக்குப் போனாலே நான் ஓரமாக நின்று வாங்கிக்கொண்டு வருகிறவள்.

இதையெல்லாம்கூடத் தள்ளிவிடலாம். டாக்டர் நேற்று என்கிறார், நீ நவம்பர் என்கிறாய். நான் வந்து உட்கார்ந்தால் உனக்குத் துணை இருந்ததாக ஆகாது, உன் உடம்பைக் கெடுக்கத் துணை போனதாகத்தான் ஆகும். உன் அத்தான் கடைசி நாட்களில் மூச்சுக்குத் திணறினதை ராப்பகலாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது.

கச்சேரியை வேண்டாமென்று சொல்லிவிட்டு இங்கே வந்துவிடு. உள் அறை சும்மாதான் கிடக்கிறது. மகன் வெளிநாட்டிலிருந்து ஞாயிறு தோறும் பேசுகிறான், "அம்மா, தனியா இருக்காதே, யாரையாவது துணைக்கு வச்சுக்கோ" என்கிறான். மாமா வருகிறார் என்றால் சந்தோஷப்படுவான்.

அக்கா


ஆகஸ்ட் 17

தம்பிக்கு,

பதில் போடவில்லை. சின்ன வயதிலும் இப்படித்தான், கோபம் வந்தால் அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாய். இப்போது அலமாரிக்குப் பதில் ஊர் ஊராக விடுதி.

போன வாரம் மருந்து வாங்கப் போனவள் பக்கத்திலிருந்த வாத்தியக் கடைக்குள் நுழைந்துவிட்டேன். குழல் வேண்டும் என்றேன். "பேரனுக்காம்மா?" என்று கேட்டு ஒரு பிளாஸ்டிக் குழலை எடுத்து வைத்தார் கடைக்காரர். எனக்குத்தான், மூங்கிலில், நீளமாக என்றேன். மேலும் கீழும் பார்த்தார். "இதுல சத்தம் வரவே ஆறு மாசம் ஆகும்மா, கை வலிக்கும், யோசிச்சுக்குங்க." அவர் சொன்னது சரிதான். உதட்டில் வைத்து ஊதினேன், வெறும் காற்றுதான் வந்தது. பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தினமும் பிரார்த்தனை முடிந்ததும் ஊதிப் பார்த்தேன். தலை சுற்றும், தரையில் உட்கார்ந்துகொள்வேன். நாலாவது நாள் கீழ்வீட்டுப் பெண் பயந்துபோய் ஓடிவந்தாள். "ஆன்ட்டி, உங்க வீட்ல ஏதோ காத்து புஸ்ஸுனு போற சத்தம் கேக்குது. கேஸ் லீக் ஆகுதா பாருங்க." கையிலிருந்ததைக் காட்டினேன். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு போனாள், பாவம்.

நேற்று வந்துவிட்டது. ஒரே ஒரு ஸ்வரம். எவ்வளவு நேரம் பிடித்திருந்தேன் என்று தெரியாது, பிடித்திருந்தேன்.

கடவுளிடம் கேட்டேன், போகட்டுமா வேண்டாமா என்று. வழக்கம் போல ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாமென்றால் எனக்கு எப்படியாவது தெரிவித்திருப்பார்.

வருகிறேன். ஆனால் ஒன்று. அந்தக் கச்சேரியோடு சரி. குழலை வைத்துவிட்டு இங்கே வந்து என்னோடு இருக்க வேண்டும். பார்க்கலாம் என்று எழுதாதே. சரி என்று எழுது. என்ன சுருதி என்றும் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 28

அக்காவுக்கு,

சரி.

கடையில் வாங்கின குழல் என் சுருதிக்குச் சேராது. என் நீளக் குழலோடு சேர்த்து அதே மூங்கிலில் வெட்டின ஜோடி என்னிடம் இருக்கிறது. துணி சுற்றி அனுப்புகிறேன். ஏன் ஜோடி என்று கேட்பாய். குழல்காரரிடம் எப்போது போனாலும் இரண்டாகத்தான் வெட்டச் சொல்வேன். எதற்கு என்று அவர் ஒரு தடவை கேட்டார், ஒன்று வெடித்தால் இன்னொன்று என்றேன். இதுவரை ஒன்றும் வெடிக்கவில்லை. அறை முழுக்க ஜோடி ஜோடியாகக் கிடக்கிறது.

கவனமாகக் கேள். பழைய இடங்களை நம்பாதே. என் மூச்சு இப்போது எங்கே தீரும் என்று எனக்கே தெரியாது. சபையைப் பார்க்க வேண்டாம், என் இடது தோளை மட்டும் பார்த்துக்கொண்டிரு. அது காது வரைக்கும் ஏறினால் நான் விடப்போகிறேன் என்று அர்த்தம், உடனே பிடித்துக்கொள். நான் திரும்ப வந்ததும் நீ வழக்கம் போல அடங்கிக்கொள்ளலாம்.

போனில் ஸ்பீக்கர் போட்டுப் பழகலாம். சேர்ந்து வாசிக்க முடியாது, சத்தம் பிந்தி வருகிறது, மிருதங்கக்காரரோடு முயன்று பார்த்துச் சண்டையில் முடிந்தது. நான் ஒரு வரி, நீ ஒரு வரி.

தம்பி


அக்டோபர் 25

தம்பிக்கு,

நேற்று போனில் நீ இருமி முடிக்கும் வரை குழலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். "லைன் சரியில்லைக்கா" என்றாய். லைன் நன்றாகத்தான் இருந்தது.

உன் குழலில் கீழ்ப்பக்கத்து ஸ்வரங்கள் எனக்கு இன்னும் முழுசாகப் பேசவில்லை. மற்றது பரவாயில்லை. கீழ்வீட்டுப் பெண் இப்போது கேஸ் என்று வருவதில்லை. குழந்தையைத் தூங்க வைக்க வேண்டுமென்று நேரம் கேட்டுவிட்டுப் போகிறாள்.

ரயிலுக்குச் சொல்லியாகிவிட்டது. நீ எனக்காக ஒன்று செய். மேடைக்குப் பின்னால் ஒரு வாளியும் ஒரு செம்புத் தண்ணீரும் வைக்கச் சொல். எதற்கென்று யாருக்கும் சொல்ல வேண்டாம்.

அக்கா


நவம்பர் 26

தம்பிக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். உள் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டேன். நீ உன் அறையைக் காலி செய்வதற்குள் காய்ந்துவிடும். வீட்டுக்கார அம்மாவிடம் மாத்திரை வேளையெல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், அவரை ஏமாற்றாதே.

ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. வழி நெடுக உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். கச்சேரி முடிந்து உன்னைச் சேர்த்த ஆஸ்பத்திரியிலும், பிறகு உன் அறையிலுமாக அத்தனை நாள் ஒன்றாக இருந்தோம். மாத்திரை, வெந்நீர், போர்வை. இதைத் தாண்டி நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. நமக்குத் தாளில்தான் வாய் வருகிறது.

முதல் உருப்படிகள் நன்றாகவே போயின. உன் தோள் ஏறும், நான் பிடித்துக்கொள்வேன், நீ வருவாய். தோளையே பார்த்துக்கொண்டிருந்ததில் எதிரே சபை இருப்பதே மறந்துபோயிற்று. வாளிக்கு வேலை வரவில்லை. கடைசியில் பெரிய உருப்படியை எடுத்தாய். நீளக் குழலில் உன் சத்தத்தைப் பக்கத்திலிருந்து கேட்டு எனக்குக் கண் கலங்கியது, அதற்குள் தோள் ஏறிவிட்டது. பிடித்துக்கொண்டேன்.

நீ வரவில்லை.

வரி முடிந்தது. கண்ணைத் திருப்பினேன். குழலை மடியில் வைத்துவிட்டு, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாய். இன்னும் ஒரு சுற்று போனால் எடுப்பாய் என்று அடுத்த வரியையும் வாசித்தேன். நீ எடுக்கவில்லை. எனக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. அந்த உருப்படி எனக்கு அங்கங்கேதான் தெரியும், நீ விடுகிற இடமெல்லாம் என்னுடையது, மிச்சமெல்லாம் உன்னுடையது என்று பழகினவள். நிறுத்தினேன். அத்தனை பேருக்கு எதிரில் வாயைத் திறந்து மூச்சு எடுத்தேன், அந்தச் சத்தம் மைக்கில் போயிற்று. "விடாதீங்கம்மா, நான் இருக்கேன்" என்று மிருதங்கக்காரர் குனிந்தபடி சொன்னார். பிறகு எப்படி முடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. முடித்தேன்.

நீ முடியாமல் வைத்தாயா, வேண்டுமென்றே வைத்தாயா?

முடியாமல் வைத்திருந்தால், உன்னை அந்த மேடையில் ஏற விட்டது என் தப்பு. அந்தப் பாரத்தோடுதான் இனி நான் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். வேண்டுமென்றே வைத்திருந்தால், முன்னொரு காலத்தில் நான் உன்னைத் தனியாக விட்டதற்குச் சரிக்குச் சரி செய்துவிட்டாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எது என்று எழுது. தெரியாமல் உன்னை இந்த வீட்டுக்குள் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, தினம் சோறு போடும்போதெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

அக்கா


டிசம்பர் 2

அக்காவுக்கு,

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் முடியாமல்தான் வைத்தேன். தோள் ஏறினது பொய் இல்லை. கண்ணுக்கு முன்னால் மைக் இரண்டாகத் தெரிந்தது. குழலை மடியில் வைத்துக்கொண்டு, தாளத்தையாவது விடாமல் போடுவோம் என்று போட்டேன். நீ அந்த வரியை முடிப்பதற்குள் மூச்சு திரும்பிவிட்டது. எடுக்கலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. கையைக் குழல் வரைக்கும் கொண்டுபோனேன், நீ பார்த்திருக்க மாட்டாய்.

எடுக்கவில்லை. சரிக்குச் சரி செய்ய இல்லை அக்கா.

நாம் அத்தனை வருஷம் சேர்ந்து வாசித்தோம். நான் உன்னைக் கேட்டதே கிடையாது. நான் ஊதிக்கொண்டிருக்கும்போது என் காதில் என் குழல்தான். மூச்சு எடுக்கிற நேரத்தில் மட்டும் நீ கேட்பாய், நன்றாக இருக்கிறதே என்று நினைப்பதற்குள் நான் திரும்ப வந்து அமுக்கிவிடுவேன். அப்பா போட்ட சட்டம் அது, சபைக்கு நல்லது, நமக்குத்தான் ஒருவரை ஒருவர் கேட்க விடவில்லை. நீ போன பிறகு மேடையில் அந்த இடத்தில் நின்று நின்று நான் எதற்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது. அன்றைக்குத்தான் உன் வரி ஒன்றை முழுசாகக் கேட்டேன். அது முடிந்ததும் அடுத்தது வந்தது. நடுவில் எப்படி எடுப்பேன்?

நீ வாயைத் திறந்து மூச்சு எடுத்தபோது நான் பிடித்திருக்கலாம். அது மட்டும் என் மேல் தப்பு. குழலைத் தூக்குவதற்குள் நீயே ஆரம்பித்துவிட்டாய். பிறகு எனக்கு வேலை இல்லை.

கீழ்ப்பக்கத்து ஸ்வரம் இரண்டு இடத்தில் சுருதி இறங்கியிருந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சமாதானத்துக்குப் புகழ்கிறேன் என்பாய்.

அறை காலியாகிவிட்டது. கட்டிலும் நாற்காலியும் வீட்டுக்கார அம்மாவுடையவை. என்னுடையது என்று பார்த்தால் ஒரு பெட்டியும் குழல்களும்தான், இவ்வளவு காலம் இருந்த அறையில். "போயிட்டு வாங்க ஊதுறவரே, இனிமே என் சீரியல் நிம்மதியா கேக்கும்" என்றார். சொல்லிவிட்டு டிவியைப் போடாமலே வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

எட்டாம் தேதி காலை வண்டியில் வருகிறேன், வர வேண்டாம் என்று நீ எழுதாவிட்டால். ஸ்டேஷனுக்கு வராதே. மிருதங்கக்காரர் கூட வந்து உன் வாசலில் விட்டுவிட்டுப் போகிறேன் என்கிறார். உன் வீடு மூன்றாவது மாடி. எனக்கு இப்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்றுதான் ஏற முடியும், நேரமாகும். நீ ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், பாதிப் படிக்கு இறங்கி வந்து கையைப் பிடிக்கவும் வேண்டாம்.

உள்ளே உட்கார்ந்து வாசித்துக்கொண்டிரு. நான் கதவைத் தட்டினாலும் அந்த வரியை முடித்துவிட்டு வந்து திற.

தம்பி